ஆணிப்பைக்குச் சைபர் போதும்

வால்தம்ஸ்டோ,
லண்டன்.
வைகாசி 9

என்றும் மதிப்புக்குரிய சவிரிமுத்து அத்தானுக்கு,

வால்தம்ஸ்டோவிலிருந்து உங்கள் கடைசி மச்சாள் டொலறஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. மடுமாதாவின் புண்ணியத்தில் நானும் இவரும் நலம். கனடாவில் நீங்களும் அஞ்சலீனா அக்காவும், உங்களுடைய முழங்காலும், அக்காவின் சீனி வருத்தமும் அவரவர் இடத்தில் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டும் என்று ஞாயிறு தோறும் மெழுகுதிரி கொளுத்துகிறேன். முழங்காலுக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று. உங்களுடைய வாய்க்கும் ஒன்று கொளுத்தலாம் என்று இருந்தேன். கோயிலில் மெழுகுதிரி முடிந்துவிட்டது.

வட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய விசயத்தை இவள் ஏன் முத்திரை ஒட்டி அனுப்புகிறாள் என்று யோசிப்பீர்கள். நான் இப்போது கொம்பியூட்டர்ப் பாதுகாப்பில் சேட்டிபிக்கற் பெற்ற ஆள். போனில் எழுதினால் அது எந்தெந்த ஊர்க் கள்ளன் கண்ணில் படும் என்று தெரியாது. தாளில் எழுதினால் அதைத் திருடுவதற்கு ஒருவன் எழும்பி, உடுத்து, பஸ் பிடித்து வர வேண்டும். வந்தாலும் என்ர கையெழுத்தை அவனால் வாசிக்க ஏலாது. அதை வாசிக்கக்கூடிய ஒரே மனிதர் நீங்கள். ஏனென்றால் மன்னாரில் ஏழாம் வகுப்பில் அந்தக் கையெழுத்தைத் திருத்தியவரே நீங்கள்தான். அத்தான் ஆவதற்கு முதல் எனக்குக் கணக்கு வாத்தியார். என்ர தவணைச் சோதனைத் தாளில் சிவப்பு மையால் ஒரு சைபர் போட்டு, அது காணாதென்று அதற்குள்ளே இரண்டு கண்ணும் ஒரு வாயும் கீறி, வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினீர்கள். அடுத்த வருடம் அக்காவைக் கட்டினீர்கள். நான் அந்தச் சைபரோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிசினில் ஏறினேன். இதை இப்போது ஏன் கிளறுகிறாள் என்று கோபிக்க வேண்டாம். இந்தக் கடிதம் முழுக்க அந்தச் சைபரைப் பற்றியதுதான்.

எங்கட தையல் பட்டறை உங்களுக்குத் தெரியும். கார் கழுவுகிற இடத்துக்குப் பின்னால், ஏழு மிசின், ஆறு பெண்டுகள், துணி வெட்ட இவர், எல்லோரையும் ஏச நான். நீங்கள் ஸ்காபரோவில் கலியாண வீடுகளில் "என்ர மச்சாள் பிரித்தானிய ராணுவத்துக்குத் தைக்கிறா" என்று சொல்லித் திரிவதாக அக்கா சொன்னா. சரியாகச் சொல்லுங்கோ அத்தான். ராணுவத்துக்குக் கூடாரம் விற்கிற ஒரு கொம்பனி கொவென்றிப் பக்கம் இருக்கிறது. அந்தக் கூடாரத்தை நிலத்தில் அடிக்க ஆணி இருக்கிறது. அந்த ஆணியைப் போட்டு வைக்கிற பையைத்தான் நாங்கள் தைக்கிறோம். பதினாலு அங்குலம், பச்சை, வாயில் ஒரு நாடா, இருபது ஆணி கொள்ளும். ஒரு காலத்தில் ராணுவத்தைக் கண்டு பிள்ளையும் பெட்டியுமாய் ஓடின எனக்கு, ராணுவத்தின் ஆணி தொலையாமல் பார்க்கிற வேலை. அதைப் பற்றி நான் கனக்க யோசிப்பதில்லை. பட்டறை நடக்கிறதே அந்தப் பையால்தான். அது போனால் ஆறு பெண்டுகளும் திரும்ப ஹோட்டலுக்குக் கட்டில் விரிக்கப் போக வேண்டும்.

போன மாதம் மூன்றாம் திகதி, அந்தக் கொம்பனியில் எங்களுக்கு ஓடர் தருகிற கிளேர் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணிடமிருந்து ஈமெயில் வந்தது. நல்ல மனுசி, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வாழ்த்துமடல் போடுவா. பாதுகாப்பு அமைச்சு புதிய விதி கொண்டுவந்திருக்கிறதாம். அமைச்சுக்குச் சாமான் கொடுக்கிறவர்களும், அவர்களுக்குச் சாமான் கொடுக்கிறவர்களும், தங்கட கொம்பியூட்டரைக் கள்ளரிடமிருந்து காப்பாற்றத் தெரிந்தவர்கள் என்று சேட்டிபிக்கற் காட்ட வேண்டுமாம். அதில் சைபர், ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு லெவல். எந்த வேலைக்கு எந்த லெவல் என்பது அந்த வேலையில் எவ்வளவு ஆபத்து என்பதைப் பொறுத்தது. மாத முடிவுக்குள் சரியான லெவலில் சேட்டிபிக்கற் வராவிட்டால் அடுத்த நாலாயிரம் பைக்கு ஓடர் போட ஏலாது, மன்னிக்கவும் என்று முடித்திருந்தா. இதில் "ஆபத்தைப் பொறுத்தது" என்ற வரியை அன்றைக்கே வடிவாக வாசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு முத்திரை மிச்சம். ஆனால் என்ர கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது.

இங்கே இங்கிலீசில் கொம்பியூட்டர்க் கள்ளர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் சைபர் என்றுதான் பெயர். எங்களுக்குச் சைபர் என்றால் பூச்சியம். நான் ஈமெயிலைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், சைபர் சேட்டிபிக்கற்றாம், லெவல் சைபரில் இருந்து தொடங்குதாம் என்று. ஏழாவது மிசினில் இருக்கிற குமுதினி, உரும்பிராய்ப் பெண், தையலை நிற்பாட்டிப்போட்டு நிமிர்ந்தாள்.

"சைபருக்கும் ஒரு சேட்டிபிக்கற்றோ அக்கா? அது எனக்கு ஓ.எல். சோதினை முடிய வீட்டுக்கே வந்தது."

பட்டறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு சிவப்பு மைச் சைபர் இரண்டு கண்ணும் வாயுமாய் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஐம்பத்துநாலு வயதில், இரண்டு நாடு தாண்டி வந்து, இன்னொரு முறை சைபர் எடுக்க எனக்கு மனமில்லை. உடனே உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தீர்கள். பேசியது மறந்திருப்பீர்கள், எனக்கு மறக்கவில்லை.

"அத்தான், ஒரு சேட்டிபிக்கற் எடுக்கவேணும். சைபர், ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இருக்கு. எதை எடுக்கிறது?"

"எது பெரிசு?"

"மூண்டு."

"பேந்தென்ன கேள்வி? மூண்டை எடு. சைபரைத் தூக்கிக்கொண்டு ராணுவத்துக்கு முன்னால போய் நிக்கப்போறியே? ஒருக்கா எடுத்தது காணாதே உனக்கு?"

"எடுத்தது இல்லை அத்தான். நீங்கள் தந்தது."

"ரெண்டும் ஒண்டுதான்," என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் போத்தலைத் தேடப் போனீர்கள். அதோடு முடிவாகிவிட்டது. அன்றைக்கே கிளேருக்கு எழுதினேன்: நாங்கள் மூன்றாம் லெவல் எடுக்க விரும்புகிறோம், உங்கள் கருத்து என்ன?

பதில் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று மூன்றாம் லெவலுக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலை இறக்கி அச்சடித்தோம். நூற்றுநாற்பதுக்கு மேல் கேள்வி. நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஆணிப்பை தைக்கிறவளிடம் கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கரண்டில் ஓடுகிற சாமான் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுகிறார்கள் என்று நினைத்து, ஒரு லப்டொப், ஏழு மிசின், இரண்டு அயன், கேத்தல், சோறு சூடாக்குகிற மைக்ரோவேவ் என்று எழுதினோம். ஃபயர்வோல் இருக்கிறதா என்ற கேள்விக்கு, போன வருடம் கவுன்சில்காரர் வந்து பின்சுவரைத் தட்டிப் பார்த்து, தீப்பிடித்தாலும் நிற்கும் என்று தந்த கடிதத்தை இவர் இணைத்தார். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. இவருடைய பெயரைப் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. அடுத்த நாள் காலை மனிசன் மஞ்சள் ஜக்கெற் போட்டுக்கொண்டு, ஒரு கொப்பியும் பேனையுமாய், கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். துணி வெட்ட ஆளில்லை. வருகிற எல்லோரும் பெயர் எழுதி, படம் போட்ட அட்டை காட்ட வேண்டும். மிசின்களை மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியைக்கூட விடவில்லை. சுவாமி கழுத்துச் சிலுவையைத் தூக்கிக் காட்டினார்.

"அதில உங்கட படம் இல்லையே, ஃபாதர்," என்றார் இவர்.

சுவாமி வாசலிலேயே நின்று தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். முதல் இரண்டு மிசினுக்குத்தான் பட்டது.

அதற்குப் பிறகு பாஸ்வேட். அதுவரைக்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேட். மடுமாதா, ஒண்டு, ரெண்டு, மூண்டு. மளிகைக் கடை தந்த கலண்டரில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தோம். எத்தனை பை முடிந்தது என்று ஒவ்வொருத்தியும் பின்னேரம் லப்டொப்பில் பதிய வேண்டும், அதற்காக. பட்டியல் சொல்லுகிறது ஆளுக்கொரு பாஸ்வேட் வேண்டும், சம்பந்தமில்லாத மூன்று சொல்லைச் சேர்த்துப் போட்டால் நல்லது என்று. சரியென்று எல்லோரையும் கூப்பிட்டு நான் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு மூன்று சொல்லு. மனதில் வைத்திருக்கவேணும். தாளில் எழுதினால் அன்றைக்கே வேலை போச்சு.

குமுதினி சொல்லுத் தப்பாத பிள்ளை. தாளில் எழுதவில்லை. தையற்காரர் அடையாளம் போடுகிற வெள்ளைக் கட்டியை எடுத்து, தன் மேசையில் இருந்த ஒரு பையின் மூடிக்கு உட்பக்கத்தில், தமிழில் வடிவாக எழுதி வைத்திருக்கிறாள்: முருங்கைக்காய் புகையிரதம் தலையணை. பின்னேரம் அதைப் பார்த்துப் பதிந்துவிட்டு அழிப்பம் என்ற எண்ணம். மத்தியானம் லொறி வந்தது. பை எல்லாவற்றையும் கட்டி ஏற்றிவிட்டோம். மூன்று மணிக்கு அவள் என்ர மேசைக்கு வந்து நின்றாள், முகம் வெள்ளைக்கட்டி நிறத்தில்.

"அக்கா, என்ர பாஸ்வேட் ராணுவத்துக்குப் போட்டுது."

அந்த நிமிடமே அவளுக்கு வேறு மூன்று சொல் போட்டுப் பழையதை வெட்டினோம். யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று எட்டுப் பேரும் பேசிக்கொண்டோம். ஐந்நூறு பைக்குள் ஒரு பை, அதுவும் தமிழில், எந்தச் சிப்பாய் வாசிக்கப்போகிறான் என்று தேத்தண்ணி குடித்தோம்.

இதற்கிடையில் கிளேருடைய பதில் வந்தது. அத்தான், அந்தப் பதிலை நான் என்ர கண்ணால் வாசித்தேன். ஒரே வரி. யூ ஆர் எ ஸீரோ. அதாவது, நீங்கள் சைபர். கீழே ஒரு சிரிப்பு முகம் வேறு. இரண்டு கண், ஒரு வாய்.

எனக்கு முதலில் காது சூடானது. பிறகு நிதானமாக யோசித்தேன். கிறிஸ்மஸுக்கு வாழ்த்துமடல் போடுகிற மனுசி என்னைப் பார்த்துச் சைபர் என்று சொல்லுவாவா? சொல்லமாட்டா. அப்படியென்றால் இது கிளேர் இல்லை. எங்கட பட்டியலிலேயே எழுதியிருக்கிறது, தெரிந்த ஆள் மாதிரி எழுதுகிற கள்ளர் இருக்கிறார்கள், எழுத்து வழமைக்கு மாறாக இருந்தால் திறக்காமல் அழித்துவிடு, மேலிடத்துக்கு அறிவி என்று. நான் படித்ததைப் பயன்படுத்தினேன். அழித்தேன். அடுத்த நாள் அதே பெயரில் இன்னொன்று வந்தது, அதையும் அழித்தேன். மொத்தம் ஐந்து. கொம்பனிக்காரருக்கும் ஓர் ஈமெயில் போட்டேன், உங்கட கிளேருடைய பெயரில் ஒரு கள்ளி எங்களை அவமரியாதை செய்கிறாள், பிடியுங்கோ என்று. போன் வந்தாலும் எடுக்கவில்லை. ஆளின்ர குரலையும் போலியாகச் செய்கிறார்களாமே இப்போது. பாவம், அந்த மனுசியுடைய ஈமெயில் கணக்கைக் கொம்பனிக்காரர் இரண்டு நாள் பூட்டி வைத்து விசாரித்திருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இருபத்திரண்டாம் திகதி நல்ல மழை. கதவடியில் சத்தம் கேட்டது. இவர் மஞ்சள் ஜக்கெற்றோடு கதவை நாலு அங்குலம் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே கிளேர், கொவென்றியிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து, குடை இல்லாமல், நனைந்த கோழி மாதிரி. அட்டை காரில் இருக்கிறதாம், கார் இரண்டு தெரு தள்ளி நிற்கிறதாம்.

"டொலறஸ், இந்தாள் கிளேர் எண்டு சொல்லுது. விடுறதோ?"

"விடுங்கோ விடுங்கோ, அது கிளேர்தான்!"

"எப்படித் தெரியும்? நீதானே கள்ளி ஒருத்தி திரியிறாள் எண்டனீ."

"கள்ளி மழைக்கே வருவாள்? ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு விடுங்கோ அவவை."

அவர் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கிளேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார். கிளேர் உள்ளே வந்து, துவாய் வாங்கித் தலையைத் துடைத்து, தோள்பையிலிருந்து ஒரு பச்சைப் பையை எடுத்து மேசையில் வைத்து மூடியைப் புரட்டினா. முருங்கைக்காய் புகையிரதம் தலையணை. ஓர் எழுத்தும் அழியவில்லை. நல்ல கட்டி அது, இல்ஃபோர்ட்டில் வாங்கினது.

அவ இங்கிலீசில் சொன்னதை என்ர தமிழில் எழுதுகிறேன். "எங்கட பரிசோதகர் இதைக் கண்டுபிடிச்சிட்டார். என்ன மொழி எண்டே அவருக்குத் தெரியேல்லை. மிரட்டலோ, மந்திரமோ, வேறை ஏதுமோ எண்டு மேலிடம் கேக்குது. என்ன எழுதியிருக்கு, டொலறஸ்? உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு அடுத்த ஓடர் போடுறதோ விடுறதோ எண்டு நான் இண்டைக்குப் போய்ச் சொல்லவேணும்."

ஏழு மிசினும் நின்றுபோனது. இவர் முன்னால் வந்து, மஞ்சள் ஜக்கெற்றின் சிப்பை இழுத்து மூடி, கை கூப்பினார். "பிளெஸ்ஸிங் மேடம். கடவுள் சிப்பாய்மாரைக் காப்பாத்தவேணும் எண்டு."

நல்ல பொய். கிளேர் நம்பக்கூடிய பொய். மூடியைத் தட்டிவிட்டுப் போயிருப்பா. எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. ஆனால் குமுதினி மிசினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், அவளுடைய கை ஒரு பை நாடாவைச் சுருட்டுகிறதும் விரிக்கிறதுமாய் இருக்கிறது. அந்த மூடியை ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் காட்டினால் போதும், நாளைக்கே தெரிந்துவிடும் அது ஆசீர்வாதமா முருங்கைக்காயா என்று. பிறகு ஓடரும் இல்லை, மானமும் இல்லை, ஆறு பேருக்கு வேலையும் இல்லை. உண்மையைச் சொன்னாலும் ஓடர் போகலாம். என்றாலும் மானமாவது மிஞ்சும்.

"பிளெஸ்ஸிங் இல்லை கிளேர். பாஸ்வேட்."

கிளேர் என்னைப் பார்த்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையில் பிழையில்லை, தாளில் எழுதாதே என்று சட்டம் போட்டது நான், துணியை மறந்ததும் நான், லொறி போன அன்றைக்கே மாற்றிவிட்டோம், ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் ஒளித்ததும் நான்தான் என்று. அவ ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினா.

"எத்தனை மணிக்குக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"மூண்டு மணி."

"எப்ப மாத்தினது?"

"மூண்டு மணி அஞ்சு நிமிசம்."

"முதலாவது சொல்லு என்ன?"

"முருங்கைக்காய். மரக்கறி. தடி மாதிரி நீளமாயிருக்கும், சப்பிப்போட்டுச் சக்கையைத் துப்பிறது."

அவ "மரக்கறி" என்று எழுதினதைப் பார்த்தேன். எழுதி முடித்துப் பேனையை மூடினா. "இது காணும். அடுத்த முறை மூண்டு மணி ஆறு நிமிசத்துக்கு எனக்குப் போன் எடுக்கவேணும். அவ்வளவுதான்." பிறகு பையை ஒருமுறை திருப்பிப் பார்த்தா. "இப்ப சொல்லுங்கோ. நீங்கள் லெவல் சைபர் எண்டு அஞ்சு முறை எழுதினன். ஏன் பதில் போடேல்லை?"

அப்போதுதான், அத்தான், எனக்கு விளங்கியது அந்தச் சைபர் என்னைச் சொன்னது இல்லை, ஆணிப்பையைச் சொன்னது என்று. என்றாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நான் கேட்டேன், மூன்று எடுத்தால் உங்களுக்கும் பெருமைதானே, நான் பாடுபட்டு எடுக்கிறேன், இரண்டு வருடம் ஆனாலும் எடுக்கிறேன் என்று. கிளேர் அந்தப் பச்சைப் பையைத் தூக்கிப் பிடித்தா.

"நான் பதினாலு அங்குலத்தில பை கேக்கிறன். நீங்கள் பாடுபட்டு நாப்பது அங்குலத்தில தைச்சுத் தந்தால் நான் என்ன செய்யவேணும்?"

"ஆணி உள்ளுக்கை தொலைஞ்சுபோம்," என்று பின்னாலிருந்து குமுதினி சொன்னாள்.

நாற்பது வருடமாகத் தைக்கிறேன். அளவெடுக்க வருகிற பெண்டுகளிடம் நானே சொல்லியிருக்கிறேன், பெரிய அளவு பெரிய மரியாதை இல்லை, உடம்புக்குப் பொருந்தவேணும் என்று. எங்கட பையில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஆணி என்றால் என்ன என்று எல்லா எதிரிக்கும் தெரியும். அதற்குச் சைபர்தான் அளவு. கூடாரத்துக்குள் வைக்கிற சாமானின் படம் யாரும் எங்களிடம் தந்தால் அப்போது லெவல் ஒன்று. நீர்மூழ்கிக் கப்பல்காரன் மூன்றைப் போட்டுக்கொள்ளட்டும். இது மார்க் இல்லை அத்தான், அளவு. நீங்கள் வாழ்நாள் முழுக்க மார்க் போட்ட ஆள், உங்களுக்கு எண்ணைக் கண்டால் பெரிசா சின்னனா என்றுதான் கேட்க வரும். நானும் அதையே கேட்டேனே, உங்களிடம் படித்த பிழை.

மிச்சம் எட்டு நாள். மூன்றாம் லெவல் கேள்வித்தாள் கட்டை மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, கிளேர் சொன்ன ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போன் பண்ணினோம். இல்ஃபோர்ட்டிலிருந்து கௌசிக் என்று ஒரு சோதனைக்காரர் வந்தார், எங்கட ஆள், முப்பது வயது இருக்கும், தமிழ் விளங்கும், வாயைத் திறந்தால் இங்கிலீசு. இவர் அவரிடமும் அட்டை கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு காட்டினார், "வெரி குட் அங்கிள்" என்றார், இவருக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். கேத்தலையும் மைக்ரோவேவையும் பட்டியலில் பார்த்துவிட்டுக் கௌசிக், "அன்ரி, கேத்தல் இன்ரர்நெற்றிலயா இருக்கு?" என்று கேட்டார். இல்லை, மேசையில் என்றேன். வெட்டினார். கவுன்சில் சுவர்க் கடிதத்தையும் வெட்டினார். கடைசியில் எங்களிடம் கேட்டது ஒரு கைக்குள் அடங்கும். வெளியாள் உள்ளே வராமல் இணைப்பில் தடுப்பு இருக்கவேணும், தேவையில்லாதது எல்லாம் லப்டொப்பிலிருந்து அகற்றவேணும், புதுப்பிக்கச் சொன்னால் அன்றைக்கே புதுப்பிக்கவேணும், ஆளுக்காள் தனிப் பாஸ்வேட், வைரஸைத் தடுக்கிற சாமான் ஒன்று. அதிலும் லப்டொப் விழுந்துவிட்டது. அதற்கு இனிப் புதுப்பிப்பே வராதாம், அவ்வளவு பழசு. இவர் அதில் இருக்கிற நாடகங்கள் எல்லாம் போய்விடும் என்று ஒரு நாள் துக்கம் காத்தார். புதியது வாங்கினோம். இருபத்தொன்பதாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குச் சேட்டிபிக்கற் வந்தது. முப்பதாம் திகதி காலை நாலாயிரம் பைக்கு ஓடர் வந்தது. குமுதினி போய் எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். சுவாமியும் வந்தார், அட்டையோடு, மிச்ச ஐந்து மிசினுக்கும் தெளித்தார்.

சேட்டிபிக்கற்றைச் சட்டம் போட்டு, பழைய பாஸ்வேட் கலண்டர் தொங்கின அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெரிய சைபர் ஒன்று நடுவில் இருக்கிறது. கண்ணும் வாயும் இல்லை, வெறும் சைபர். ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துக்கொண்டு மிசினில் ஏறுகிறேன். என்ர சீவியத்தில் நான் பாடுபட்டு எடுத்த முதல் சைபர் அது, முந்தினது நீங்கள் சும்மா தந்தது. அந்தக் கோபமும் இதோடு தீர்ந்தது. கலியாண வீடுகளில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கோ, என்ர மச்சாள் சைபர், அவவின்ர வேலைக்கு அதுதான் அளவு என்று.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம். எங்கட பட்டறையில் இனி ஓர் ஊசி நுழையாது. மற்றவையளுடைய பாஸ்வேட் எனக்கே தெரியாது, என்னுடையது அவையளுக்குத் தெரியாது. நான் போட்டிருப்பது உலகத்தில் எந்தக் கள்ளனும் நினைத்துப் பார்க்க ஏலாத மூன்று சொல்: சவிரிமுத்து, முட்டை, சைபர். இங்கிலீசு எழுத்தில், இடைவெளி இல்லாமல். லண்டனில் கள்ளர் எவ்வளவு பேர் இருந்தாலும், எனக்கு முட்டை போட்டவர் சவிரிமுத்து என்று ஒருத்தனுக்கும் தெரியாதே.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தி வைத்தியரிடம் போகவும். அக்காவை இனிப்புப் பக்கம் விட வேண்டாம், விட்டால் நீங்கள் சாப்பிடுங்கோ. ஆண்டவர் உங்கள் இருவரையும் கதவடியில் அட்டை கேட்காமல் காப்பாராக. இவரும் தன் அன்பைச் சொல்லச் சொன்னார், மஞ்சள் ஜக்கெற்றோடுதான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவியும் மச்சாளுமான
டொலறஸ்
(லெவல் சைபர்)

பின்குறிப்பு: அத்தான், கடிதத்தை மடிக்கிற நேரம் அக்கா போன் எடுத்தா. கனடாவுக்குத் தபால் பத்து நாள் எடுக்கும், அதுவரைக்கும் பொறுக்க மாட்டாவாம். அதனால் குமுதினி எட்டுப் பக்கத்தையும் படம் பிடித்து எங்கட சொந்தக்காரர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். எண்பத்துமூன்று பேர். என்ர கையெழுத்து எல்லோருக்கும் விளங்குகிறது, அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. நீங்கள் பெருவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு நிமிடம் ஆகவில்லை, கௌசிக் எழுதுகிறார், "அன்ரி, எட்டாம் பக்கம்! பாஸ்வேட்! இப்பவே மாத்துங்கோ!" என்று. அந்தப் பிள்ளை உங்கட ஒன்றுவிட்ட தம்பியின் மருமகனாமே, ஒருத்தரும் சொல்லவில்லை. உடனே மாற்றினேன், மூன்று மணி ஐந்து நிமிடம். ஆறு நிமிடத்துக்குக் கிளேருக்குப் போன் எடுத்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டா, சொன்னேன். எப்படி வெளியே போனது என்று கேட்டா, அத்தானுக்கு எழுதின கடிதத்தால் என்றேன். எழுதிக்கொண்டா. ஓடர் இருக்கிறது, பயமில்லை. புதுப் பாஸ்வேட்டை உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன். மறந்துபோனால் கேட்கிறதற்கு அக்காவிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டா.